சாக்குத் தையல்

யூரியாப் பைக்குள் மூன்று கிடந்தன.

ஒன்று, டீவிக்கு உறை.
குரோஷா ஊசியில் நான் அதைத் தொடங்கிய நாளில்
எங்கள் டீவிக்கு முதுகு இருந்தது.
அன்னாசிப் பூ ஏழு வரிசை.
எட்டாவதில் மூத்தவனுக்கு அம்மாள் வருத்தம்,
ஒன்பதாவதில் வெள்ளம்.
பத்தாவதை எடுக்கும்போது
டீவி சப்பட்டையாகிச் சுவரில் ஏறிவிட்டது.
ஆனாலும் முடித்தேன்.
இப்போது தயிர்ச் சட்டிகளின் மேல் கிடக்கிறது.
ஈ நுழையும். பூனை நுழையாது.

அடுத்தது மச்சாளின் பிள்ளைக்குக் கம்பளிச் சப்பாத்து.
ஒற்றை முடிந்திருந்தது.
பிள்ளை இப்போது குருமண்வெளிப் பாதையில்
ஒற்றைக் காலில் நின்றுகொண்டு
அக்கரைக்குக் கை காட்டுகிறாள்.
மற்றதையும் போன கிழமை பின்னினேன்,
கணக்குத் தீரட்டும் என்று.
"ஆருக்குக்கா இது?" என்றாள் கோகிலமதி.
பெருவிரலில் மாட்டிக் காட்டினேன்.

மூன்றாவதுதான் போர்வை.
களுவாஞ்சிக்குடி டெய்லர் கடை வெட்டுத் துண்டு,
பள்ளிக்கூடச் சட்டைகளின் முதுகு,
அவர் கலியாணத்துக்கு வாங்கி
வெள்ளாமையில் சேறாக்கிய சாறன்.
உள்ளே இரண்டு நூல் சேலை.
நூற்றி நாற்பத்து நாலு சதுரம்;
வெட்டும்போது ஒன்றும் சதுரமில்லை.
தைத்த பிறகு இடம் விட்டுக்கொண்டன,
ஒரே பந்தியில் இருத்திய
கோபக்காரச் சொந்தங்களைப் போல.

நான் ஊசி எடுப்பது ஊருக்கே தெரிந்துவிடும்.
மாடு கடப்பைத் தள்ளும்.
குழாயில் தண்ணி வரும்.
வட்டைக்குள்ளிருந்து போன் வரும்,
கொச்சிக்காய் முடிந்துவிட்டதாம்.
ஊசியைத் தோளில் குத்திக்கொண்டு ஓடுவேன்.
வாய்க்காலில் எத்தனை ஊசி கிடக்குமோ,
வெறுங்காலோடு இறங்குகிறவருக்கு
அதை மட்டும் நான் சொல்வதில்லை.

மூன்று கரை மடித்துத் தைத்தாயிற்று.
நாலாம் கரைக்குச் சிவப்பு நூல் காணவில்லை.
பாதையேறிப் போய் வாங்கினேன்.
"சிவப்புத்தானே" என்றான் கடைப் பெடியன்.
சிவப்புத்தான். அந்தச் சிவப்பில்லை.

நெல்லுப் பால் கட்டிய கிழமை
ஆனைக்காவலுக்குப் போனவர்
குத்தியிருந்த ஊசியோடு தூக்கிப் போய்விட்டார்.
"நாலாம் கரை முடியல்ல" என்றேன் போனில்.
"அந்தப் பக்கத்த ஆனைக்குப் போர்த்துறன்" என்றார்.

அன்றிரவு வெடி கேட்டது.
வெல்லாவெளிப் பக்கம் மூன்று.
ஒள்ளுப்பம் கழித்து எங்கள் வட்டையில் ஒன்று.
மறுகா ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டு
பாயில் இருந்தேன்.
போனை எடுக்கவில்லை அவர்.
கை சும்மா இருக்கமாட்டாமல்
மிஞ்சிய வெள்ளை நூலில் ஒரு பூப் பின்னி,
இதழ் எண்ணிக்கை பிழைத்து,
அவிழ்த்து,
திரும்பவும் பின்னினேன்.

வெள்ளாப்பில் வந்தார்.
போர்வையில் புகை மணம்.
வெடிப்பொறி தின்ற ஓட்டை ஒன்று.
நாலாம் கரையில்
சாக்கு ஊசியால், நீல நைலோன் நூலால்,
நெல் மூடைக்கு வாய் கட்டுகிற தையல்.
இருபத்திமூன்று. எண்ணினேன்.
ஒவ்வொன்றும் விரல் நீளம்.
"நித்திர கொள்ளப்படாதெண்டு" என்றார்
வாளியில் முகம் கழுவிக்கொண்டே.
ஆனையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கத்தரிக்கோல் எடுத்தேன்.
பதினொன்றைப் பிரித்தேன்.
பன்னிரண்டாவதில் கத்தி வைக்க,
பால் எடுக்கிறவன் ஹோன் அடித்தான்.
கொடுத்துவிட்டுத் திரும்பினால்
மிச்சப் பன்னிரண்டுக்கும் கீழே
அவர் வாய் திறந்து கிடந்தார்,
கால் வெளியே, சேறு காயாமல்.

ஓட்டை அவர் நெஞ்சுக்கு நேரே இருந்தது.
இராப் பின்னிய பூவை அதன்மேல் வைத்தேன்.
இழுக்காமல், எழுப்பாமல்,
ஒவ்வொரு குத்துக்கும் அடியில்
என் இடக்கையைக் கொடுத்துத் தைத்தேன்.
கடைசிக் குத்து விரலில் ஏறியது.

வெடிக்கு எழும்பாத மனுசன்
அந்தச் சின்ன மூச்சுக்குக் கேட்டார்
கண் திறக்காமல்:
"முடிஞ்சிதா?"

"படுங்க" என்றேன்.